பற்றும் கட்டும்



இன்று நான் உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஆங்கிலக் கால்பந்தாட்டக்காரரின் வரலாறு. அவர் பெயர் டாம் ஃபின்னி. இவ்வரலாற்றை நான் முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று பாதியைத்தான் சொன்னேன். மறுபாதியைச் சொல்லாமல் விட்டதால் அது பிழையாயிற்று. அப்பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பாக இப்பேச்சைக் கருதுகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், கால்பந்தாட்டத்தில் வல்லவனான மாணவன் ஒருவன் இருந்தான். மாவட்டப் போட்டியில் அவன் ஆட்டத்தைக் கண்ட வேறொரு நகரத்துப் பள்ளியார், உணவும் உறைவிடமும் தந்து, தக்க பயிற்சியும் அளிப்பதாக அவனை அழைத்தனர். மாற்றுச் சான்றிதழ் கேட்டு அவனும் அவன் தந்தையாரும் என் அறைக்கு வந்தார்கள். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அவ்வாண்டுக் கேடயம் எங்கள் பள்ளிக்கே கிடைக்கும் என்று எண்ணியிருந்தேன். ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், பெரும்பொருள் தருவதாக அயல்நாட்டார் அழைத்தும் தம் ஊர்க் கழகத்தை விட்டுப் போகாத டாம் ஃபின்னியைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். பேச்சு யாருக்காக என்பது அந்த மாணவனுக்கு விளங்காமல் இருக்குமா?

கூட்டம் கலைந்ததும் அவன் என்னிடம் வந்தான். “ஐயா, அவர் போகமாட்டேன் என்று சொன்னாரா? போகக்கூடாது என்று அவரிடம் சொன்னார்களா?” என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. “வகுப்புக்கு மணி அடித்துவிட்டது, போ தம்பி” என்றேன். ஆனால் அந்த வினா என்னை விடவில்லை. சில வாரங்கள் தேடிப் படித்து விடையை அறிந்தேன். அறிந்ததை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் என்னும் வட்டாரத்தில், பருத்தி ஆலைகளால் வளர்ந்த நகரம் பிரஸ்டன். அங்கே டீப்டேல் என்னும் ஆடுகளத்தைத் தாயகமாகக் கொண்டது பிரஸ்டன் நார்த் எண்ட் கழகம். கால்பந்தாட்ட வரலாற்றில் அக்கழகத்துக்குத் தனியிடம் உண்டு. பொருளுக்காக ஆடுவது இழிவு என்று எண்ணப்பட்ட காலம் ஒன்று இருந்தது. வாரம் முழுவதும் வேலை செய்தால்தான் உணவு என்றிருந்த ஆலைத் தொழிலாளி, ஊதியம் இல்லாமல் ஆடுவது எங்ஙனம்? 1884ஆம் ஆண்டு, பிரஸ்டன் கழகத்தை நடத்திவந்த வில்லியம் சடெல் என்பவர், தம் ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது உண்மையே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கழகம் கோப்பைப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் வடநாட்டுக் கழகங்கள் பல அதன் பக்கம் நின்றன. மறு ஆண்டே, 1885இல், ஊதியம் பெற்று ஆடுவது விதிப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1888-89இல் முதன்முதலாக நடைபெற்ற லீக் போட்டியில் பிரஸ்டன் 22 ஆட்டங்களில் 18இல் வென்று, 4இல் சமன் செய்து, ஒன்றிலும் தோற்காமல் முதலிடம் பெற்றது. கோப்பையும் அதே ஆண்டில் அதற்கே கிடைத்தது.

உழைப்புக்குக் கூலி கேட்கும் உரிமையை ஆட்டக்காரனுக்குப் பெற்றுத் தந்த ஊர் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு இது தேவைப்படும்.

அந்த ஊரில், டீப்டேல் களத்துக்கு அருகிலேயே, 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பிறந்தவர் டாம் ஃபின்னி. இளமையிலேயே தாயை இழந்தவர், மெலிந்த உடலினர். பதினான்காம் வயதில் பள்ளியை விட்டு, குழாய் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். அவர் ஆட்டத்தைக் கண்ட பிரஸ்டன் கழகத்தார் தம்மிடம் வந்து சேரும்படி அழைத்தபோது, சிறுவனின் உள்ளம் துள்ளியது. தந்தையோ, கற்கத் தொடங்கிய தொழிலை முதலில் கற்று முடிக்கவேண்டும் என்று உறுதியாகக் கூறிவிட்டார். ஆட்டம் எத்தனை நாள் சோறு போடும் என்பது அவர் கவலை. மகனும் அதற்கு இணங்கினார். பகலில் குழாய் வேலை, மாலையில் பந்தாட்டம் என்று வளர்ந்தார். ‘பிரஸ்டன் பிளம்பர்’ என்னும் பெயர் அவருக்கு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

1940இல் அவர் தொழில்முறை ஆட்டக்காரராக ஒப்பமிட்டார். ஆனால் அப்போது உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. லீக் ஆட்டங்கள் நின்றுபோயின. ஃபின்னி படையில் சேர்க்கப்பட்டு எகிப்துக்கும் பின்னர் இத்தாலிக்கும் சென்றார். டாங்கிப் படையில் பணியாற்றினார். ஆட்டக்காரன் ஒருவனுக்கு மிகச் சிறந்தவை என்று சொல்லத்தக்க இளமை ஆண்டுகள் ஆறு இவ்வாறு கழிந்தன. 1946 ஆகஸ்டு 31ஆம் நாள் லீக் போட்டியில் முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது 24. அதன்பின் 28ஆம் நாள், செப்டம்பர் 28 அன்று, அவர் இங்கிலாந்து நாட்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தார். பெல்பாஸ்டு நகரில் வட அயர்லாந்தை 7-2 என்று வென்ற அந்த முதல் ஆட்டத்திலேயே ஒரு கோலும் அடித்தார்.

அவர் ஆட்டத்தின் சிறப்பு யாது? இன்று நீங்கள் காணும் ஆட்டத்துக்கும் அன்றைய ஆட்டத்துக்கும் அமைப்பில் வேறுபாடு உண்டு. அந்நாளில் ஓர் அணியில் முன்கள ஆட்டக்காரர் ஐவர் இருந்தனர்: நடுவில் ஒருவர், அவருக்கு இருபுறமும் உள்வரிசையில் இருவர், எல்லைக்கோட்டை ஒட்டி வலத்திலும் இடத்திலும் இருவர். ஓரத்தில் நிற்பவரின் வேலை, தம்மைத் தடுக்க வரும் காவலரை ஏமாற்றிக் கடந்து, நடுவில் நிற்பவருக்குப் பந்தை அனுப்புவது. நடுவில் நிற்பவரின் வேலை அதைக் கோலாக்குவது. இவ்விரண்டும் இருவேறு திறமைகள். பெரும்பாலோர் ஒன்றில்தான் தேர்ச்சி பெறுவர். ஃபின்னி வலப்புற ஓரத்திலும் ஆடினார், இடப்புற ஓரத்திலும் ஆடினார். வயது முப்பதைக் கடந்தபின் நடுவிலும் ஆடினார். மூன்று இடங்களிலும் முதல்வராக விளங்கினார். இயல்பில் இடக்கால் பழக்கம் உடையவர். இடைவிடாப் பயிற்சியால் வலக்காலையும் அதற்கு இணையாக்கிக்கொண்டார். எந்தப் பக்கம் திரும்புவார் என்று காவலருக்குத் தெரியாது. இரண்டு கால்களும் சமமாய்ப் பழகியவனுக்கு இரண்டு வழிகளும் திறந்தே இருக்கும் அன்றோ?

அதே காலத்தில் ஸ்டான்லி மாத்யூஸ் என்னும் பேரறிஞர், ஆம், பந்தாட்டப் பேரறிஞர் என்றே சொல்வேன், வலப்புற ஓரத்தில் புகழோடு இருந்தார். நாட்டு அணியில் அவ்விடத்தை யாருக்குக் கொடுப்பது என்று இங்கிலாந்தில் ஓயாத வழக்கு நடந்தது. 1947 மே மாதம் லிஸ்பனில் போர்ச்சுகலுக்கு எதிரான ஆட்டத்தில் தேர்வுக் குழுவினர் மாத்யூஸை வலத்திலும் ஃபின்னியை இடத்திலும் நிறுத்தினார்கள். இங்கிலாந்து 10-0 என்று வென்றது. மறு ஆண்டு தூரின் நகரில் இத்தாலியை 4-0 என்று வென்றபோது ஃபின்னி இரண்டு கோல்கள் அடித்தார். வெற்றியை மட்டுமே சொல்லுதல் முறையன்று. 1950 உலகக் கோப்பைப் போட்டியில் பிரேசில் நாட்டின் பெலோ ஒரிசோண்டே நகரில், யாரும் பொருட்படுத்தாத அமெரிக்க அணியிடம் இங்கிலாந்து 1-0 என்று தோற்றது. அந்தத் தோல்வியிலும் ஃபின்னி களத்தில் இருந்தார்.

மொத்தத்தில் இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள் ஆடி 30 கோல்களும், லீக் போட்டியில் பிரஸ்டனுக்காக 433 ஆட்டங்கள் ஆடி 187 கோல்களும் அடித்தார். காவலர்கள் அவர் கால்களை உதைத்து உதைத்துக் காயப்படுத்தினர். அவரோ ஒருமுறையேனும் நடுவரின் எச்சரிக்கைக்கு ஆளானதில்லை. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது 1954இலும் 1957இலும் அவருக்குக் கிடைத்தது. அதை இருமுறை பெற்ற முதல்வர் அவரே.

இத்தனைக்கும் அவர் கழகம் பெற்ற பரிசுகள் யாவை? 1949இல் பிரஸ்டன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1951இல் அப்பிரிவில் முதலிடம் பெற்று மீண்டும் ஏறியது. 1953இல் முதற்பிரிவில் ஆர்சனல் கழகமும் பிரஸ்டனும் 54 புள்ளிகளோடு சமமாக நின்றன. அந்நாளைய விதிப்படி, அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்துப் பார்த்தனர். ஆர்சனலுக்கு 97ஐ 64ஆல் வகுக்க 1.52, பிரஸ்டனுக்கு 85ஐ 60ஆல் வகுக்க 1.42. பதின்மத்தில் ஓர் இலக்க வேறுபாட்டில் பட்டம் போயிற்று. 1954இல் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியிடம் 3-2 என்று தோல்வி. 1958இல் மீண்டும் லீக்கில் இரண்டாம் இடம். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் தம் கழகத்தோடு நாட்டின் முதற் பரிசு ஒன்றையேனும் தொடாமலே ஓய்வுபெற்றார்.

இனி அந்த மாணவனின் வினாவுக்கு வருகிறேன்.

1952ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்து அணி இத்தாலிக்குச் சென்றது. அப்போது சிசிலித் தீவின் பலேர்மோ கழகத்துக்குத் தலைவராக இருந்த ஓர் இளவரசர், ஃபின்னியைத் தம் கழகத்துக்கு அழைத்தார். ஒப்பமிட்டவுடன் 10,000 பவுன், மாதந்தோறும் 130 பவுன் சம்பளம், குடியிருக்க மாளிகை, ஏறிச்செல்லக் கார். அந்நாளில் பிரஸ்டனில் அவர் பெற்ற ஊதியம் வாரத்துக்கு 14 பவுன். கோடையில் அதனினும் குறைவு. கணக்கிட்டுப் பாருங்கள். வாரம் 14 என்றால் ஆண்டுக்கு 728. இளவரசர் ஒரே நாளில் கொடுக்க முன்வந்த தொகையைச் சேர்க்க, பிரஸ்டனில் ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆடவேண்டும். அவர் அங்கே ஆடியதே மொத்தம் 14 பருவங்கள்தாம்!

ஃபின்னி செய்தியைத் தம் கழகத்தாரிடம் கொண்டுசென்றார். கழகத் தலைவர் மறுத்துவிட்டார். ஆடினால் பிரஸ்டனுக்கு ஆடலாம், இல்லையேல் எங்குமே ஆட இயலாது என்பதே அவர் விடையின் சாரம். ஆகவே, மாணவனின் வினாவுக்கு விடை இதுதான்: போகக்கூடாது என்று அவரிடம் சொன்னார்கள்.

அப்படிச் சொல்ல ஒரு கழகத்துக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது? அதை விளக்குகிறேன். அந்நாளைய இங்கிலாந்தில் ஆட்டக்காரனை இரண்டு கட்டுகள் பிணித்திருந்தன. முதலாவது ஊதியக் கட்டு. எவ்வளவு சிறந்த ஆட்டக்காரனாயினும் இந்த அளவுக்கு மேல் எந்தக் கழகமும் கொடுக்கக்கூடாது என்று 1901இல் ஓர் உச்சவரம்பு விதித்தார்கள். அது தொடக்கத்தில் வாரத்துக்கு 4 பவுன். படிப்படியாக உயர்ந்து 1958இல் 20 பவுன். இரண்டாவது பதிவுக் கட்டு. ஒவ்வோர் ஆட்டக்காரனின் பெயரும் லீக் அலுவலகத்தில் ஒரு கழகத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். ஆண்டு முடிவில் கழகம் அவனை ‘வைத்துக்கொள்வோர்’ பட்டியலில் சேர்த்துவிட்டால், அவன் ஒப்பந்தம் முடிந்திருந்தாலும் வேறு கழகத்துக்குப் போக இயலாது. புது ஒப்பந்தத்தில் ஒப்பமிட மறுத்தால் ஊதியமும் இல்லை. வேலையும் தராமல், வெளியேயும் விடாமல் நிறுத்திவைக்கலாம். உழைப்புக்குக் கூலி வேண்டும் என்று போராடிய அதே பிரஸ்டன் கழகம், எழுபது ஆண்டுகளுக்குள் தன் தலைசிறந்த உழைப்பாளியை இக்கட்டினால் நிறுத்தியது. இதில் பிரஸ்டனை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. எல்லாக் கழகங்களும் அவ்வாறே செய்தன. விதி அவ்வாறு இருந்தது.

அக்கட்டுகள் அவிழ்ந்த கதையையும் கேளுங்கள். ஜிம்மி ஹில் என்பவர் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்து, வேலைநிறுத்தம் செய்வோம் என்று அறிவித்தார். 1961 ஜனவரியில் ஊதிய உச்சவரம்பு நீங்கியது. அவ்வாண்டிலேயே ஃபுல்ஹாம் கழகத்தின் ஜானி ஹேன்ஸ் வாரத்துக்கு 100 பவுன் பெற்றார். ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்னும் முன்கள ஆட்டக்காரர் நியூகாசில் கழகத்தை விட்டுப் போக விரும்பி 1960இல் ஒப்பமிட மறுத்தார். கழகம் விடவில்லை. அவர் பந்தை விட்டுவிட்டு, தக்கை விற்கும் வேலையில் சேர்ந்தார். சில மாதங்களுக்குப் பின் கழகம் இணங்கி அவரை ஆர்சனலுக்கு 47,500 பவுனுக்கு மாற்றிக்கொடுத்தது. தம் காரியம் முடிந்தது என்று அவர் வழக்கை விட்டுவிடவில்லை. 1963 ஜூலையில் நீதிபதி வில்பர்போர்ஸ், ஆட்டக்காரனை இவ்வாறு பிடித்துவைப்பது தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் மாற்றுத்தொகை இன்றியே வேறு நாட்டுக் கழகத்துக்குப் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995இல் பாஸ்மன் என்பவரின் வழக்கில் கூறிய பின்னரே மீதிக் கட்டும் தளர்ந்தது. இன்று நீங்கள் செய்தித்தாளில் படிக்கும் கோடிக்கணக்கான ஊதியங்களுக்கு அடியில் இம்மனிதர்களின் உழைப்பு இருக்கிறது.

ஃபின்னிக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. உச்சவரம்பு நீங்குவதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 1960 ஏப்ரல் இறுதியில், காயம்பட்ட உடலோடு அவர் ஓய்வுபெற்றுவிட்டார். அப்போது அவருக்குக் கைகொடுத்தது எது? தந்தை வற்புறுத்திக் கற்பித்த குழாய்த் தொழில். ஆடிய காலத்திலேயே தம் உடன்பிறந்தாரோடு சேர்ந்து அத்தொழிலை நடத்திவந்தார். கழகம் கொடுக்க மறுத்த சுதந்தரத்தில் ஒரு பகுதியை அந்தக் கைத்தொழில் அவருக்குக் கொடுத்தது எனலாம். அவர் விலகிய அடுத்த ஆண்டே பிரஸ்டன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அது முதற்பிரிவுக்கு மீளவில்லை.

அப்படியானால் அவருக்கு ஊர்ப்பற்று என்பதே இல்லையா? நான் சொன்ன கதை முழுப் பொய்யா? இல்லை. இங்கேதான் நாம் பொறுமையாகச் சிந்திக்கவேண்டும். 1960க்குப் பின் எந்த விதியும் அவரைக் கட்டவில்லை. எங்கும் போகலாம், எதையும் செய்யலாம். 1963இல் ஒரே ஒருமுறை, தம் 41ஆம் வயதில், பெல்பாஸ்டு நகரின் டிஸ்டில்லரி கழகத்துக்காகப் பென்ஃபிக்கா அணியை எதிர்த்து ஆடிக்கொடுத்தார். ஆட்டம் 3-3 என்று சமனாயிற்று. மற்றபடி அவர் பிரஸ்டனை விட்டு நகரவில்லை. அவ்வூரிலேயே தொழில் செய்தார். அவ்வட்டாரத்தின் பொது மருத்துவ நிர்வாகக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். இறங்கிப்போன தம் பழைய கழகத்துக்குக் கௌரவத் தலைவராக இருந்து, வென்ற நாளிலும் தோற்ற நாளிலும் டீப்டேலில் வந்து அமர்ந்தார். 1998இல் ‘சர்’ பட்டம் பெற்றார். 2014 பிப்ரவரி 14ஆம் நாள் 91ஆம் வயதில் மறைந்தார். டீப்டேலின் வாயிலில், நீர் தேங்கிய களத்தில் இருபுறமும் நீர் சிதற அவர் சறுக்கிச் செல்லும் காட்சி சிலையாக நிற்கிறது. 1956இல் லண்டனில் செல்சியாவுக்கு எதிரான ஆட்டத்தில் எடுத்த புகழ்பெற்ற ஒளிப்படத்தைப் பார்த்து வடித்த சிலை அது.

1952இல் அவர் நின்றது கட்டு. 1960க்குப் பின் அவர் நின்றது பற்று. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் மனிதன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். கதவு திறந்திருந்ததா என்று பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். முதலாவதைக் காட்டி இரண்டாவதைப் போற்றியதே நான் செய்த பிழை. பற்றுள்ள மனிதரைக் கதவைப் பூட்டி நிறுத்தியவர்கள், அவர் பற்றை உலகுக்குக் காட்டும் வாய்ப்பையும் அன்று அவரிடமிருந்து பறித்தார்கள். தாமே மறுத்திருப்பாரோ, போயிருப்பாரோ, யார் அறிவார்? அந்த முடிவு அவருடையதாக இருந்திருக்கவேண்டும்.

என் மாணவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உண்மையை அறிந்தபின் சான்றிதழில் கையெழுத்திட்டு அவன் வீட்டுக்கே எடுத்துச் சென்றேன். அதற்குள் அந்தப் பள்ளியில் அவனுக்காக வைத்திருந்த இடம் வேறொருவனுக்குப் போய்விட்டது. அவன் எங்கள் பள்ளியிலேயே படித்து முடித்தான். கேடயமும் அவ்வாண்டு எங்களுக்குக் கிடைத்தது. அப்பள்ளியின் கண்ணாடி அலமாரியில் இன்னும் இருக்கிறது. அங்கே போயிருந்தால் அவன் பெரிய ஆட்டக்காரனாகியிருப்பானா என்பதை நான் அறியேன். பலேர்மோவுக்குப் போயிருந்தால் ஃபின்னி என்னவாகியிருப்பார் என்பதையும் எவரும் அறியார். அறியமுடியாதபடி செய்துவிட்டதே தவறு.

மாணவ நண்பர்களே! நாளை உங்களில் சிலர் ஆசிரியராவீர்கள். சிலர் அலுவலகத் தலைவராவீர்கள். சிலர் பிறருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்வீர்கள். திறமையுள்ள ஒருவர் உங்களிடம் வந்து விடைகேட்டு நிற்கும் நாள் ஒன்று வரும். அன்று அவரிடம் பற்றைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், கதவைத் திறந்து வையுங்கள். அதன்பின் பேசுங்கள். திறந்த கதவின் முன் அவர் நின்றுவிட்டால், அது உங்களுக்கும் பெருமை, அவருக்கும் பெருமை. போய்விட்டாலோ, வாழ்த்தி அனுப்புங்கள்.